கையெழுத்துப் போடுவது யார்?

கம்பம் பள்ளத்தாக்குக்காரர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். 'சௌக்கியமா?' என்று கேட்ட கையோடு, 'பெரியாறு எத்தனை அடி நிக்குது?' என்பார்! அங்கே நெல் வயலுக்கு உயிர்நாடியே அந்தத் தண்ணீர்தான். 1895-ல் பென்னிகுக் கட்டிய அணை. 'பலமாத்தான் இருக்கு' என்றது தமிழகம். 'இல்லை' என்றது கேரளா. உச்ச நீதிமன்றம் 2010-ல் நீதிபதி ஆனந்த் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு சோதித்து அறிக்கை தந்தது. அதன் பிறகு, 2014-ல் 142 அடியை நீதிமன்றம் உறுதி செய்தது.

அணையையாவது துளைபோட்டுப் பார்க்கலாம். விமானத்தை ஓட்டும் மென்பொருளை எப்படிச் சோதிப்பது?

2001 ஜனவரி 4, பெங்களூர். பின்னாளில் 'தேஜஸ்' என்று பெயர் பெற்ற நம் போர் விமானம் முதல்முறையாகக் கிளம்பியது. ஓட்டியவர் ராஜீவ் கோத்தியால். சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக, வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைத்த விமானம் அது. கம்ப்யூட்டர் கைவிட்டால் விமானி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பிரயோஜனமில்லை! அதற்கான மென்பொருள் வேலையில் முதலில் ஓர் அமெரிக்க நிறுவனமும் கூட இருந்தது. 1998-ல் பொக்ரான் வெடித்ததும் தடை வந்தது. அங்கே இருந்த நம் ஆட்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மிச்சத்தை நம்மவர்களே முடித்தார்கள். 'இரும்புப் பறவை' என்ற சோதனைக்கூடத்தில், தரையிலேயே அதைத் திரும்பத் திரும்பப் 'பறக்க'விட்டுப் பார்த்தார்கள்.

இந்தச் சோதனைக்கு உலகம் முழுக்க ஒரு வேதப் புத்தகம் உண்டு. 1992-ல் வந்த 'டிஓ-178பி'. அது சொல்வதைப் பெரியாறு பாஷையில் சொல்கிறேன். 'மட்டம் 142-ஐத் தொட்டு, வரத்தும் அதிகமாக இருந்தால் மதகைத் திற' என்று ஒரு கட்டளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மட்டம், வரத்து இரண்டும் தனித்தனியாக முடிவை மாற்றுகின்றனவா என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு மூன்று சோதனை போதும். பத்து நிபந்தனை என்றால் குறைந்தது பதினொன்று. இப்படி ஆயிரக்கணக்கான கட்டளைகள்! கையால் செய்தால் தாவு தீர்ந்துவிடும். அதனால்தான் சோதிக்கும் வேலையையும் மென்பொருளிடமே கொடுத்தார்கள். 'சரி, அந்தச் சோதனைக்காரனைச் சோதித்தது யார்?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. மனிதனுக்குப் பதில் ஒரு கருவி சரிபார்த்தால், முதலில் அந்தக் கருவிக்கே தகுதிச் சான்று வேண்டும். 2011-ல் வந்த 'டிஓ-178சி' கருவிக்கென்றே தனிப் புத்தகம் போட்டது.

அப்புறம் ஏன் போயிங் 737 மேக்ஸ் விழுந்தது? 2018 அக்டோபரில் இந்தோனேஷியா, 2019 மார்ச்சில் எத்தியோப்பியா. மொத்தம் 346 உயிர்கள். ஒரே ஒரு சென்சார் தவறாகச் சொன்னதை நம்பி, மென்பொருள் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. அதாவது, எழுதியபடியே வேலை செய்தது! எழுதச் சொன்னதுதான் தப்பு. சான்று தரவேண்டிய அமெரிக்க அரசு அமைப்போ, பரிசோதனையில் பெரும் பகுதியைப் போயிங் ஊழியர்களிடமே விட்டிருந்தது.

ஆக, 'சொன்னபடி செய்கிறதா?' என்று இயந்திரம் பார்த்துச் சொல்லிவிடும், நம்மைவிட நன்றாகவே. 'சொன்னது சரிதானா?' என்று கேட்க மனுஷன் வேண்டும். அதுவும், கட்டியவனாக இல்லாத மனுஷன். பெரியாற்று விவகாரத்தில் மூன்றாவதாக ஒரு குழு எதற்கு என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. அடுத்த முறை விமானத்தில் பெல்ட்டை மாட்டும்போது யோசித்துப் பாருங்கள்.