மற்றொன்று விரித்தல்: தொடர்பின்மையைக் குறிக்கும் சொற்களும் டோபி காட் என்னும் இடப்பெயரும்

சிங்கப்பூரின் டோபி காட் நிலையம் 1987ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2003இல் வடகிழக்குப் பாதையும் 2010இல் வட்டப் பாதையும் இணைந்தமையால் இன்று மூன்று பெருவிரைவு ரயில் பாதைகள் அங்குச் சந்திக்கின்றன. பெயரோ சலவைத்துறை என்னும் பொருளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியச் சலவைத் தொழிலாளர் பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, அருகிலிருந்த வெளியில் உலர்த்தினர். அவ்வோடை பின்னர் ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாயிற்று, துவைப்பாரும் இலர். (பிராஸ் பாசா என்பதும் மலாயில் 'ஈர அரிசி' எனப் பொருள்படும், அரிசியும் இன்று அங்கில்லை.) 'பெயருக்கும் இடத்துக்கும் சம்பந்தமில்லை' என ஒருவர் கூறின், அவர் சுட்டும் குறை யாது? பெயர் பொருளற்றதா, பயனற்றதா, தொடர்பற்றதா?

இம்மூன்றையும் நாம் இன்று ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்குகிறோம். இலக்கண நூலார் அவ்வாறு வழங்கவில்லை. தொல்காப்பிய மரபியல் நூலுக்குரிய சிதைவுகளைத் தொகுக்குமிடத்துப் 'பொருளில மொழிதல்' என்பதைச் சுட்டுகிறது. 'மற்றொன்று விரித்தல்' அப்பட்டியலில் இல்லை. பவணந்தியாரின் நன்னூலிலோ பத்துக் குற்றங்களுள் 'வெற்றெனத் தொடுத்தல்' ஏழாவதாகவும் 'மற்றொன்று விரித்தல்' எட்டாவதாகவும் 'நின்று பயனின்மை' பத்தாவதாகவும் தனித்தனியே நிற்கின்றன. முன்னது சொல்லின் வெறுமை. இறுதியது விளைவின் இன்மை. இடையிலுள்ளதில் சொல்லுக்குப் பொருளும் உண்டு, பயனும் இருக்கக்கூடும். எடுத்துக்கொண்ட பொருளை விட்டு அகன்றதே குற்றம். வடமொழி நியாய நூலாரும் வாதத் தோல்விக்குரிய இடங்களை வகுக்கையில் 'நிரர்த்தகம்', 'அர்த்தாந்தரம்' என இரண்டையும் வேறாகவே கொண்டனர். அர்த்தாந்தரம் என்பதன் நேர்ப்பொருளும் 'வேறு பொருள்' என்பதே. இவ்வொற்றுமை ஒன்றனையே கொண்டு கடன்பேறு எனத் துணிதல் பொருந்தாது.

திருக்குறளின் 'பயனில சொல்லாமை' அதிகாரம் பேசுவது வேறு. அது அறத்தின்பாற்பட்டது, கேட்போர்க்கும் சொல்வோர்க்கும் விளையும் நன்மையை அளவுகோலாகக் கொள்வது. ஆயினும் வகுப்பறையில் தலைப்பை விட்டு விலகிய மாணவர் கட்டுரைக்கு இவ்வதிகாரத்தையே மேற்கோள் காட்டும் வழக்கம் உண்டு. அம்மாணவர்மீது சுமத்தப்படுவது அவர் செய்யாத குற்றம்.

வழக்குச் சொற்களையும் நோக்கலாம். 'சம்பந்தம்', 'பொருத்தம்' ஆகிய இரண்டும் திருமணப் பேச்சில் பயில்பவை. பொருத்தம் பார்த்த பின்னரே சம்பந்தம் அமைகிறது. பத்துப் பொருத்தமும் இருந்தும் சம்பந்தம் கூடாமற் போவதுண்டு. முன்னது தகுதியை மதிப்பிடுவது, பின்னது உறவைச் சுட்டுவது. ஆகவே 'பொருத்தமற்ற பேச்சு' என்பதில் தகாமைச் சாயல் ஏறிவிடுகிறது. 'தொடர்பற்ற பேச்சு' என்பதில் அச்சாயல் இல்லை.

இவ்வேறுபாடு நீதிமன்றத்தில் மிகவும் இன்றியமையாதது. ஸ்டீஃபன் வகுத்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தைத் தழுவி, நீரிணைக் குடியேற்றங்களில் 1893இல் சாட்சியச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் மூலச் சட்டம் 2024இல் வழக்கொழிந்தது. சிங்கப்பூரில் அதன் வழிவந்த சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி, முழுதும் உண்மையான செய்தியும் வழக்கின் எழுவினாவோடு தொடர்பற்றதாயின் ஏற்கப்படாது. அதே செய்தி பிறிதொரு வழக்கில் தொடர்புடையதாகலாம். இதனைத் தமிழில் 'பொருளற்றது' என்றோ 'பொருத்தமற்றது' என்றோ பெயர்த்தால், தாம் பொய் கூறியதாகவோ தகாதது கூறியதாகவோ சாட்சி எண்ணிக்கொள்ள இடமுண்டு.

இனி டோபி காட். பெயருக்குப் பொருள் உண்டு. நாள்தோறும் பயணிகளுக்கு இடங்காட்டும் பயனும் உண்டு. இன்றைய நிலத்தோடு மட்டுமே தொடர்பற்றது. ஊரின் வரலாற்றை வினவுவார்க்கு அதுவே முதற்சான்று. தமிழ் எழுத்தில் நிலைமை சற்று மாறுகிறது. சென்னை வண்ணாந்துறையின் பெயரில் 'துறை' எவர்க்கும் விளங்கும். 'டோபி காட்' என ஒலிபெயர்த்து எழுதும்போதோ, 'காட்' என்பதில் தமிழர் எவரும் நீர்த்துறையைக் காண்பதில்லை. தமிழ் வாசகரைப் பொறுத்தவரை இழப்பு தொடர்பில் அன்று, பொருளிலேயே நேர்ந்திருக்கிறது.