கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் கொண்டு வந்தது யார்?



"தோட்டத்துத் தமிழன் குடித்தே கெட்டான்" என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வெளியார் மட்டும் சொல்வதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளே தங்கள் பாட்டன்மாரைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை? நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம், தோட்டத்தில் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி. பல இடங்களில் அவற்றோடு ஒரு கள்ளுக்கடையும் இருந்தது. அந்தக் கடை அங்கே எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி.

இதற்கு விடை தேட முதலில் கள்ளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னையின் விரியாத பாளையைக் கட்டி, சில நாள் பக்குவமாகத் தட்டி, நுனியைச் சீவிவிட்டால் சாறு சொட்டும். அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவுக்குச் சர்க்கரை இருக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். யாரும் எதையும் கலக்க வேண்டியதில்லை. காற்றிலும், பூச்சிகளின் காலிலும், முந்திய நாள் கலயத்தில் ஒட்டிய மிச்சத்திலும் இருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் தானாகவே வந்து வேலையைத் தொடங்கும். சில மணி நேரத்தில் பதநீர் கள்ளாகும். மாலையில் போதை ஏறியிருக்கும். ஒரு நாள் கடந்தால் புளிப்பு மிஞ்சும். அப்படியே விட்டால் காடியாகிவிடும்.

1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் ஹேன்சன் என்ற அறிஞர் ஒரே வகை ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்த்தார். அதன் பிறகுதான் பீர் ஆலைகள் ஒரே சுவையில், நாள்பட இருக்கும் பீரைப் பெருமளவில் செய்ய முடிந்தது. கள்ளுக்கு அந்த வழி இல்லை. தானாக வரும் ஈஸ்ட் யார் சொன்னாலும் நிற்காது. எனவே அந்தக் காலத்தில் கள்ளைப் புட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடியவில்லை. இறக்கிய அன்றே, இறக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே விற்றாக வேண்டும். குடிப்பவன் எங்கே இருக்கிறானோ அங்கே கடை வர வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கு இது வசதியாகப் போயிற்று. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த பிறகும் கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஆள் வெளியே போகக்கூடாது, மறுநாள் விடியலில் பால்வெட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்பது துரைமார்களின் கவலை. தோட்டத்துக்குள்ளேயே கடை இருந்தால் ஆள் கண்ணெதிரே இருப்பான். 1920களின் இறுதியில் எளிதில் சென்றுவரக்கூடிய வட்டாரங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் கூலியில் ஒரு பங்கு கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போயிற்று. அரசாங்கத்துக்கும் உரிமத்தால் வருமானம். பல இடங்களில் கடை இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்றார்கள். தொழிலாளியின் காசில் தொழிலாளிக்கே தர்மம்!

இங்கே ஓர் ஒப்பீடு சொல்கிறேன். நார்வே நாட்டின் மேற்குப் பகுதிக் குடியானவர்களும் தங்கள் வீட்டிலேயே பீர் காய்ச்சினார்கள். 'குவைக்' எனப்படும் ஈஸ்டை மர வளையத்தில் உலரவைத்து, தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். திருமணம், கிறிஸ்துமஸ் என்று நல்ல நாளுக்குக் காய்ச்சினார்கள். தானியம், பானை, ஈஸ்ட் எல்லாமே அவர்களுடையது. எப்போது குடிப்பது என்பதை அந்தக் குடும்பமும் ஊரும் முடிவு செய்தன. தமிழ்நாட்டுக் கிராமத்தில் மரமேறும் குடும்பத்துக்கும் இத்தகைய தொழிலறிவு உண்டு. மலாயாத் தோட்டத்திலோ நிலம் கம்பெனியுடையது, உரிமம் அரசாங்கத்துடையது. மரமேறியின் கைவண்ணம் மட்டும் நம்முடையதாக இருந்தது. பொழுதுபோக்குக்கு வேறு வழியில்லாத இடத்தில், நாள்தோறும் திறக்கும் கடையை ஒருவர் நடத்த, மற்றவர் குடித்தார்.

நம்மவர்கள் இதைத் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. 1921இல் மதுவிலக்குக்காகத் தம் தோப்பின் தென்னைகளையே வெட்டிச் சாய்த்த தந்தை பெரியார், 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்தார். காந்தியடிகளின் மதுவிலக்குக் கொள்கையும் தோட்டங்களை எட்டியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் முதலானோர் முன்னின்ற வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வு, பெண்களுக்குப் பாதுகாப்பு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயத்தை ஒழிப்பது ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. அரசு பட்டாளத்தை இறக்கியது. தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போர் முடிந்ததும் கெடாவில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளின் முன் மறியல் நடந்தது. பெண்களும் திரண்டார்கள். 1947இல் பீடோங்கில் நடந்த மறியலில் போலீஸ் பலம் பிரயோகித்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கள் வேண்டும் என்று அல்ல, கள்ளுக்கடை வேண்டாம் என்று உயிர் கொடுத்த கூட்டத்தைத்தான் நாம் "குடிகாரக் கூட்டம்" என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

கதை அத்தோடு முடியவில்லை. காலப்போக்கில் கள்ளுக்கடைகள் குறைந்தன. அந்த இடத்தைச் சம்சு பிடித்துக்கொண்டது. கள்ளுக்கு இருந்த தடை அதற்கு இல்லை. காய்ச்சி வடித்த சாராயம் கெட்டுப்போகாது. சிறு புட்டியில் மளிகைக் கடை வரை வந்துவிடும். போதையும் பல மடங்கு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதற்கு எதிராகப் பல்லாண்டு குரல் கொடுத்தது. 2017 டிசம்பரில் மது வாங்கும் வயது 21 ஆக உயர்ந்தது. ஆனாலும் 2018இல் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் 30க்கும் மேற்பட்டோர் இந்நாட்டில் மாண்டனர். ஒரு கடையை மூடுவதால் மட்டும் குடி ஒழிந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று நீலாய், லாபு பக்கத்துத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் மலிவு வீடுகளில் வாழ்கின்றன. அங்கே மாலையில் நம் இளைஞர்கள் கூடுவதற்கு நூலகமோ, திடலோ, மன்றமோ எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்த வேலையை நாமே எடுத்துச் செய்ய வேண்டும். அதோடு, உயிரோடு இருக்கும் தோட்டத்துப் பெரியவர்களிடம் மறியல் கதைகளைக் கேட்டு எழுதி வையுங்கள். பாட்டன் குடித்தது மட்டும் அல்ல, போராடியதும் பேரனுக்குத் தெரியட்டும்.