கரித்துண்டு காட்டிய நாள்

கி.பி. 79-ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலுள் புதையுண்டது இத்தாலியின் பொம்பேய் நகரம். அதன் தெருவழியே நடப்போர் ஒரு வீட்டின் வாயிற்றரையில், சிறு கற்கள் பதித்துச் சமைத்த நாயின் உருவைக் காணலாம். ‘நாய் உண்டு, எச்சரிக்கை’ என்னும் பொருள்படும் சொற்களும் அதன் கீழ் உள்ளன.

அது செல்வர் பணம் கொடுத்துச் செய்வித்த கலை. சுவர்களிலோ எளியோரும் எழுதினர். தேர்தலில் இன்னாரை ஆதரியுங்கள் என்னும் செந்நிற விளம்பரங்கள், வாட்போர் வீரரின் கோட்டுப் படங்கள், காதலர் பெயர்கள், வசைமொழிகள் எனக் கிடைத்தவை பல்லாயிரம். இவற்றை வெறுங்கிறுக்கல் என ஒதுக்குதல் பிழையாகும்.

நகரம் அழிந்த நாள் ஆகஸ்ட் 24 என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கூறின. இளைய பிளினி டாசிட்டசுக்கு எழுதிய கடிதமே அதற்கு ஆதாரம். ஆனால், படியெடுத்துப் படியெடுத்து வந்த அவ்வேடுகளில் நாட்கணக்கு ஒன்றுபோல் இல்லை. எரிமலை வெடித்த காலத்தில் பழுதுபார்க்கப்பட்டுவந்த வீடொன்று 2018-இல் அகழப்பட்டபோது, அதன் சுவரில் அக்டோபர் 17 என்னும் நாளைக் குறித்த கரியெழுத்துக் கிட்டியது. கரி நெடுநாள் நில்லாது. ஆகவே அழிவு அக்டோபர் 24 அளவிலே நேர்ந்தது என்றனர் அறிஞர் பலர்.

ஆயின், எழுத்தில் ஆண்டு இல்லை. முந்திய ஆண்டில் எழுதியதாகவும் இருக்கலாம் என்பர் மறுப்போர். அதுவும் எளிதில் தள்ளத்தக்கதன்று. எழுதியவனோ சரித்திரத்தை நினைத்தவனல்லன். அன்று ஒருவன் அளவுமீறி உண்டான் என்பதே அவன் செய்தி எனப் படிப்பாரும் உளர்.