நஜீப் அகமது வழக்கு: விசாரணையின் இடத்தை ஊகங்கள் பிடித்த கதை

தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முதுநிலை உயிரித் தொழில்நுட்பம் படித்துவந்த நஜீப் அகமது, 2016 அக்டோபர் 15 அன்று காணாமல் போனார். தில்லி காவல்துறையின் சிறப்புப் புலனாய்வுக் குழுவும், அதன் பின் குற்றப்பிரிவும், இறுதியாக மத்தியப் புலனாய்வுத் துறையும் (சிபிஐ) அவரைத் தேடின. 2025 ஜூன் 30 அன்று, சிபிஐயின் வழக்கு முடித்துவைப்பு அறிக்கையை தில்லி ரவுஸ் அவென்யூ நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவர் எங்கே என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

ஆனால், விடை தங்களுக்குத் தெரியும் என்று சொல்பவர்களுக்கு மட்டும் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. அவர் பயங்கரவாத அமைப்பில் சேர்ந்துவிட்டார், மனநலக் குறைவால் தானே வெளியேறினார், பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார் எனப் பலவாறாகப் பேசப்பட்டது. புலனாய்வுப் பயிற்சியோ ஆவணங்களைப் பார்க்கும் வாய்ப்போ இல்லாதவர்கள் கட்டிய இந்த ஊகங்கள், வழக்கின் போக்கையே பாதித்தன. இவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பதும், காணாமல் போனோர் வழக்குகளில் சட்டம் எவரிடம் எதைக் கேட்கிறது என்பதை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

உறுதிப்பட்ட செய்திகள்

உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் நகரைச் சேர்ந்த நஜீபுக்கு அப்போது வயது 27. மாஹி-மாண்டவி விடுதியில் தங்கியிருந்தார். அக்டோபர் 14 இரவு, விடுதித் தேர்தல் பரப்புரையின்போது அவருக்கும், ஏபிவிபி அமைப்பைச் சேர்ந்தோர் எனக் கூறப்பட்ட மாணவர்களுக்கும் மோதல் ஏற்பட்டது. மறுநாள் தாயார் பாத்திமா நஃபீஸ் தில்லி வந்து சேர்ந்தபோது மகன் அறையில் இல்லை. அவருடைய கைப்பேசி அறையிலேயே இருந்தது.

வசந்த் குஞ்ச் வடக்குக் காவல் நிலையத்தில் கடத்தல் பிரிவில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. தகவல் தருவோருக்கான பரிசுத் தொகை படிப்படியாக 10 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. பல்கலைக்கழக வளாகம் முழுவதும் மோப்ப நாய்களுடன் சோதனையிடப்பட்டதோ டிசம்பரில்தான்; அதற்குள் இரண்டு மாதங்கள் கடந்திருந்தன. தாயார் தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவின் மீது தில்லி உயர் நீதிமன்றம் 2017 மே மாதம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. 2018 அக்டோபரில் முடித்துவைப்பு அறிக்கை தாக்கல் செய்ய சிபிஐக்கு அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்துத் தாயார் தாக்கல் செய்த மனு பல ஆண்டுகள் நிலுவையில் இருந்த பின்னரே 2025-இல் உத்தரவு வந்தது.

ஊகங்களும் அவற்றின் கதியும்

முதலாவது, அவர் ஐஎஸ் அமைப்பில் சேர்ந்துவிட்டார் என்பது. அந்த அமைப்பைப் பற்றிய செய்திகளை நஜீப் இணையத்தில் தேடியதாக 2017 மார்ச்சில் ஓர் ஆங்கில நாளேடு எழுதியது. அப்படி எதுவும் கண்டறியப்படவில்லை என்று தில்லி காவல்துறையே மறுத்தது. ஆயினும் வதந்தி நிற்கவில்லை. கேரளத்தைச் சேர்ந்த, அதே பெயருடைய வேறொரு மாணவரைப் பற்றிய செய்தி இவருடைய கணக்கில் எழுதப்பட்டது. 2019 தேர்தல் பரப்புரையின்போது, “என் மகன் எங்கே?” என்று பாத்திமா நஃபீஸ் பிரதமரை நோக்கிச் சமூக வலைத்தளத்தில் கேட்டவுடன், ஆயுதம் ஏந்திய சிலரின் படமொன்று நஜீபின் படம் என்று பரப்பப்பட்டது. அது 2015-இல் ஈராக்கில் எடுக்கப்பட்ட படம். நஜீப் காணாமல் போனதோ 2016-இல். படம் எடுக்கப்பட்ட தேதியைப் பார்த்திருந்தாலே போதும், பொய் அம்பலமாகியிருக்கும். பரப்பியவர்களுக்குத் தேதி தேவைப்படவில்லை. முஸ்லிம் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

இரண்டாவது, அவர் தாமாகவே வெளியேறினார் என்பது. ஓர் ஆட்டோ ஓட்டுநர் அவரை ஜாமியா மில்லியா இஸ்லாமியா அருகே இறக்கிவிட்டதாகக் காவல்துறை கூறியதுதான் இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. காவல்துறையின் அழுத்தத்தால்தான் அவ்வாறு சொன்னதாக அந்த ஓட்டுநர் தெரிவித்தார் என்று பின்னர் சிபிஐ உயர் நீதிமன்றத்தில் கூறியது. இங்கே ஊகம் பொதுமக்களிடமிருந்து பிறக்கவில்லை. விசாரணை அமைப்பிடமிருந்தே பிறந்தது. நஜீபின் மனநலம் பற்றிய பேச்சும் இதனுடன் சேர்ந்துகொண்டது. மனநலச் சிகிச்சை பெறும் ஒருவர் காணாமல் போனால், அவரை விரைந்து தேட வேண்டிய கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இங்கோ சிகிச்சை என்பது தேடாமல் இருப்பதற்கான சமாதானமாகவே பயன்பட்டது.

மூன்றாவது, ஊகங்களால் ஆதாயம் தேடியவர்கள். நஜீப் தங்களிடம் இருப்பதாகக் கூறி 20 லட்சம் ரூபாய் கேட்ட ஒருவர் 2017 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். அவருக்கும் இந்த நிகழ்வுக்கும் தொடர்பில்லை. குடும்பத்தின் துயரம் ஊடகங்களில் விவாதப் பொருளாகும்போது அதை வைத்துப் பணம் பறிக்க ஒருவர் முளைப்பதில் வியப்பில்லை.

நான்காவது, நமது பக்கத்திலிருந்து எழுந்த ஊகம். மோதலில் தொடர்புடையவர்களாகச் சொல்லப்பட்ட ஒன்பது மாணவர்கள் உண்மை அறியும் சோதனைக்கு உடன்படவில்லை. ஆகவே குற்றம் செய்தவர்கள் அவர்களே என்று பலர் எழுதினார்கள். இந்த முடிவு சட்டப்படி நிற்காது. ஒருவரின் சம்மதமின்றி இத்தகைய சோதனையை நடத்தக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. மறுப்பதை வைத்தே ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. காவல் நிலையங்களில் வாக்குமூலத்துக்காக அதிகம் வதைபடுவோர் தலித்துகளும் பழங்குடியினரும் முஸ்லிம்களும் ஏழைகளுமே. அவர்களைக் காக்கும் அதே உரிமையை, நமக்குப் பிடிக்காதவர்கள் பயன்படுத்தும்போது மட்டும் குற்ற ஒப்புதலாகக் கொள்ள நம்மால் இயலாது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. முந்தைய இரவு தாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவர் மறுநாள் காணாமல் போனபோது, அந்த மோதல் முதல் சில நாட்களில் எவ்வளவு தீவிரமாக விசாரிக்கப்பட்டது? அந்த இரவு அவர் சஃப்தர்ஜங் மருத்துவமனைக்குச் சென்றும் காயங்களுக்கான மருத்துவச் சட்டப் பதிவு ஏன் இல்லாமல் போனது? இவை யார் மீதும் பழி போடும் கேள்விகள் அல்ல. கடமை உள்ளவர்களிடம் கணக்குக் கேட்கும் கேள்விகள்.

ஊகம் எந்தப் பக்கம் சாய்கிறது?

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அதிகம் பரவியவையும் நீண்ட காலம் நிலைத்தவையும் காணாமல் போனவரையே பொறுப்பாளியாக்கிய ஊகங்கள். ‘போய்விட்டார்’ என்ற சொல் வந்தவுடன், தேட வேண்டியவரின் கடமை தளர்ந்துவிடுகிறது. தன் மகன் பயங்கரவாதி அல்லன், ஓடிப்போனவன் அல்லன் என்று மெய்ப்பிக்கும் சுமை தாயின் தலையில் ஏறுகிறது.

தமிழ்நாட்டில் சாதிக் கொலை வழக்குகளைக் கவனித்துவருவோருக்கு இது புதிதன்று. 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் முருகேசன்–கண்ணகி இணையர் கொல்லப்பட்டபோது, உள்ளூர்க் காவல்துறை முருகேசனின் உறவினர்களையே குற்றவாளிகளாக்கியது. உண்மை நிலைநாட்டப்பட 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காவல்துறை அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள்; 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது.

ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோட்டிலிருந்து காணாமல் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. தற்கொலைக் கடிதமும் காணொளியும் வெளிவந்தன. தற்கொலை என்றே பேச்சு பரவியது. தேடப்பட்டுவந்த யுவராஜ், தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் தன் தரப்பைப் பரப்பிவந்தார். இதை உடைத்தது எதிர் ஊகம் அன்று. அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவும், தாயார் உள்ளிட்டோரின் விடாப்பிடியான சட்டப் போராட்டமுமே உடைத்தன. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. முதன்மைச் சாட்சி பிறழ்ந்த பிறகும், அழியாமல் எடுக்கப்பட்ட கேமராப் பதிவு வழக்கைத் தாங்கி நின்றது. நஜீப் வழக்கில் இல்லாமல் போனது இத்தகைய ஒரு சான்றுதான்.

சட்டம் யாரிடம் என்ன கேட்கிறது?

குழந்தைகள் காணாமல் போனால், கடத்தல் அல்லது ஆள்கடத்தல் வணிகம் என்ற அனுமானத்துடன் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டது. வயது வந்தோருக்கு இத்தகைய பொது அனுமானம் கிடையாது. எனவே புகாரில் என்ன எழுதப்படுகிறது என்பது மிக முக்கியம். ‘ஆளைக் காணவில்லை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் விசாரணையும் அந்த அளவிலேயே நின்றுவிடும். முன்பு நடந்த தகராறு, மிரட்டல், சாதிப் பகை, காதல் எதிர்ப்பு ஆகியவற்றைத் தேதியுடன் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்பது லலிதா குமாரி வழக்கின் (2013) அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, எல்லை எதுவாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பெற வேண்டும். மறுத்தால் காவல் கண்காணிப்பாளரிடமும், பின்னர் நடுவர் நீதிமன்றத்திலும் முறையிடலாம். விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 193-ஆம் பிரிவு. காணாமல் போனவர் பட்டியல் சாதி, பழங்குடியினராக இருந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமானால், கடமையைப் புறக்கணிக்கும் அலுவலர் மீது அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவின் கீழ் நடவடிக்கை கோரலாம். 18ஏ பிரிவு, முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது.

வழக்கை முடித்துவைக்க அறிக்கை வந்தால், புகார்தாரருக்கு அறிவிப்புக் கொடுத்து அவர் தரப்பைக் கேட்காமல் நடுவர் அதை ஏற்கக் கூடாது. இது பகவந்த் சிங் வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. பாத்திமா நஃபீஸ் பயன்படுத்தியது இந்த உரிமையையே.

ஏழு ஆண்டுகள் தகவலே இல்லையென்றால், ஒருவர் உயிருடன் இருக்கிறார் என்று கூறுபவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 111-ஆம் பிரிவு (முந்தைய சாட்சியச் சட்டத்தில் 108). சொத்துரிமை, காப்பீடு போன்ற தேவைகளுக்கு இது உதவும். ஆனால் அவர் எப்போது இறந்தார் என்பதை இவ்விதி சொல்லாது என எல்ஐசி எதிர் அனுராதா வழக்கு (2004) தெளிவாக்கியது. நஜீப் வழக்கில் 2023 அக்டோபரில் ஏழாண்டுகள் நிறைந்தன. அதனால் அவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றம் அறிவித்ததாகப் பொருளில்லை. தாய் நம்பிக்கையைக் கைவிட வேண்டும் என்றும் எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 2007-இல் கையெழுத்திட்டது. ஆனால் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அத்தகைய குற்றத்துக்கெனத் தனிச் சட்டப்பிரிவும் நம்மிடம் இல்லை. நமது கோரிக்கைப் பட்டியலில் இது இடம்பெற வேண்டும்.

பகிர்வதற்கு முன்

காணாமல் போனவர் குறித்து அக்கறையுடன் பேசுவோர் பலர். அவர்களை வாயடைக்கச் சொல்வது நமது நோக்கமன்று. பொதுமக்களின் அழுத்தம் இல்லாவிடில் இந்த வழக்கு சிபிஐயின் கைக்கே சென்றிருக்காது. ஆனால் ஒரு செய்தியைப் பகிரும் முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். இதை நேரில் கண்டவர் யார்? படத்துக்கும் கூற்றுக்கும் தேதி உண்டா? இது உண்மையானால் யாருடைய கடமை கூடுகிறது, யாருடைய கடமை குறைகிறது? குடும்பம் இதை அறியுமா?

கையில் உண்மையான தகவல் இருந்தால் அது சேர வேண்டிய இடம் விசாரணை அதிகாரியும் குடும்பத்தின் வழக்கறிஞரும். எழுத்துவடிவில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தாமே அழிந்துவிடக்கூடியவை. ஆகவே முதல் நாளிலேயே அவற்றைப் பாதுகாக்கச் சொல்லி நிலையத்துக்கும், பதிவு வைத்திருப்பவருக்கும் எழுத்தில் கோரிக்கை அனுப்புவது, நூறு பதிவுகளைப் பகிர்வதைவிடப் பயன் தரும்.

2025 ஜூன் உத்தரவு, புதிய சான்று கிடைத்தால் விசாரணையை மீண்டும் தொடங்கும் உரிமையை சிபிஐக்கு விட்டுவைத்துள்ளது. ஆகவே சட்டத்தின் பார்வையில் கதவு முற்றிலும் மூடப்படவில்லை. அதைத் திறக்கத் தேவை மெய்ப்பிக்கத்தக்க ஒரு செய்தி. அது கிடைக்கும் வரை, ‘எங்கே போனார்?’ என்று நஜீபைக் கேட்பதை நிறுத்திவிட்டு, ‘ஏன் உரிய நேரத்தில் தேடவில்லை?’ என்று அரசைக் கேட்பதே அந்தத் தாய்க்கு நாம் செய்யக்கூடிய உதவி.