கொப்பியில் வளர்ந்த சிந்தனை

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டைக் காணும் இவ்வேளையில், கட்டடங்கள், அதிபர்கள், வெற்றிக் கிண்ணங்கள் பற்றிய வரலாறுகள் இம்மலரின் ஏனைய பக்கங்களில் இடம்பெறுகின்றன. கல்வெட்டு எதிலும் பொறிக்கப்படாத ஒரு பணியைப் பற்றியே நாம் இங்கு எழுத விரும்புகிறோம். பெண்பிள்ளைகளைச் சிந்தித்துக் கட்டுரை எழுதப் பழக்கிய பணி அது.

யாழ்ப்பாணத்தில் பெண்கல்வி கட்டுரையோடு தொடங்கவில்லை. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தனர். 1841இல் உதயதாரகை பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் தெளிந்த வசனநடையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தன. செய்யுளை மனனஞ் செய்தலே புலமை எனக் கருதப்பட்ட சூழலில், ஒரு பொருளை வசனத்திலும் ஒழுங்குற விளக்கலாம் என்பது மெல்ல மெல்ல நிலைபெற்றது. 1913இல் சேர். பொன்னம்பலம் இராமநாதன் தமது மகளிர் கல்லூரியைத் தொடங்கியபோது, சைவப் பெண்பிள்ளைகளுக்கு மேல்வகுப்புக் கல்வியின் வாயில் அகலத் திறந்தது.

எமது சங்கம் தோன்றிய 1920களில் ஆங்கிலக் கட்டுரைக்கே மதிப்பு அதிகம். கேம்பிரிட்ஜ், லண்டன் பரீட்சைகள் அவ்வாறு வேண்டின. தமிழ் வியாசத்துக்கு இரண்டாம் இடமே. 1924இல் உருவான யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் தாய்மொழிக்குக் கல்வியில் உரிய இடம் கேட்டது. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் இந்நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. குடாநாடு அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தமையால் எமது பாட்டிமார் வாக்களிக்க 1934 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. வாக்குச்சீட்டைப் பெற்ற பெண்ணுக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயமும் வேண்டுமல்லவா? வகுப்பறையில் அந்த அபிப்பிராயத்தை வளர்க்கக்கூடிய இடம் கட்டுரைக் கொப்பியே.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனையடுத்துத் தாய்மொழி மூலக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புகளையும் எட்டியது. சரித்திரமும் குடியியலும் தமிழில் எழுதப்பட்டபோது, கட்டுரை தமிழ்ப் பாடவேளையைத் தாண்டி எல்லாப் பாடங்களுக்கும் உரியதாயிற்று. எமது ஆசிரியைமார் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்தைக் கற்பித்தார்கள். ஆயினும் அவர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. “பனையின் பயன்” என்று தலைப்புத் தந்தால், அடுக்கி எழுதிய பயன்களின் ஓரத்தில் சிவப்பு மையால் “ஏன்?”, “யாருக்கு?” என்று கேட்டுத் திருப்பித் தருவார்கள். அக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, பனையேறும் தொழிலாளியின் கூலியையும் ஓலை பின்னும் பெண்ணின் உழைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டியவளாவாள். இரண்டாம் முறை எழுதும்போதே கட்டுரை கட்டுரையாகும் என்பது அவர்களின் நம்பிக்கை.

1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபின் ஒவ்வொரு புள்ளியும் பெரும் பெறுமதி பெற்றது. ரியூட்டரிகள் பெருகின. மாதிரிக் கட்டுரைகள் கைமாறின. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தபோது, ஒரு தலைப்பைப் பற்றித் தேடி வாசித்து எழுதும் வழக்கத்துக்கே பேரடி விழுந்தது. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் கொப்பியும் அரிதாயின. ஜாம்போத்தல் விளக்கின் ஒளியில், ஓரமும் விடாமல் நிரப்பிய தாள்களில் பிள்ளைகள் எழுதினார்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின் மரநிழல்களிலும் வகுப்புகள் நடந்தன. எதையும் வெளிப்படையாக எழுத முடியாத காலம் அது. “மழைநாள்” போன்ற சாதாரண தலைப்புகளே பாதுகாப்பானவை. ஆனால், கூரையில்லாத பிள்ளை மழையைப் பற்றி எழுதும்போது அதற்கு மாதிரிக் கட்டுரை எங்கே இருக்கிறது? எழுதத் தெரிந்திருந்தமை அவளுக்கு அன்று ஒரு துணையாயிற்று.

இன்று தாளுக்கும் வெளிச்சத்துக்கும் குறைவில்லை. குறைந்திருப்பது “ஏன்?” என்று ஓரத்தில் எழுதுவதற்கான நேரம். நாற்பது கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியைக்கு, பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கடியும் உண்டு. மனனஞ் செய்த கட்டுரைக்குப் புள்ளி கிடைக்கும்போது, சொந்தமாக எழுதிப் பார்க்கும் பிள்ளை நட்டமடைகிறாள். ஆசிரியர்மீது மட்டும் பழிபோட்டு இதனை நாம் கடந்துவிட முடியாது.

கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழும் சகோதரிகளே, நூற்றாண்டு நிதிக்கு நீங்கள் வழங்கிய கொடை மண்டபமாக எழுகிறது. அதனோடு இன்னொன்றையும் கேட்கிறோம். ஒவ்வொரு தவணையும் உயர்வகுப்பு மாணவி ஒருத்தியின் ஒரேயொரு கட்டுரையை வாசியுங்கள். எழுத்துப்பிழையைப் பொறுப்பாசிரியை பார்த்துக்கொள்வார். அவள் சொன்ன கருத்தை மதித்து, ஓரத்தில் இரண்டு கேள்விகள் எழுதி அனுப்புங்கள். அவள் மீண்டும் எழுதட்டும். எமக்கு ஆசிரியைமார் தந்ததை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க இதனிலும் எளிய வழி எமக்குத் தெரியவில்லை.