தன்னுரிமைச் செம்மையாக்குநர்

தன்னுரிமைச் செம்மையாக்குநர் என்பவர், எந்தப் பதிப்பகத்திலும் நிரந்தர ஊழியராக இல்லாமல், நூல், ஆய்விதழ், அறிக்கை போன்றவற்றின் எழுத்துப்படிகளை ஒப்பந்த அடிப்படையில் பெற்றுச் செம்மைப்படுத்தித் தருபவர் ஆவார். பேச்சு வழக்கில் இவரை ஃபிரீலான்ஸ் எடிட்டர் என்பர். ஃபிரீலான்ஸ் என்னும் சொல், எந்த அரசனிடமும் நிலையாகச் சேவகம் செய்யாத கூலிப்படை ஈட்டிவீரனைக் குறித்தது. வால்ட்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட ஐவன்ஹோ புதினத்தின் வழியே இது பரவலாயிற்று. இத்தொழில் தனக்கென அமைப்புகளைக் கண்ட ஆங்கிலப் பதிப்புலகை, குறிப்பாகப் பிரித்தானியாவையும் வட அமெரிக்காவையும் பற்றியது இக்கட்டுரை.

பணியின் தன்மை

செம்மையாக்குநரையும் மெய்ப்புப் பார்ப்பவரையும் ஒருவராகவே பலர் எண்ணுவதுண்டு. செம்மையாக்குநர் அச்சுக்கோப்பதற்கு முன்னரே படியைப் படித்து, மொழி, தரவு, ஒருமைப்பாடு ஆகியவற்றைச் சீர்செய்கிறார். அச்சுக்கோத்த பின் எஞ்சிய பிழைகளைப் பிடிப்பவரே மெய்ப்புப் பார்ப்பவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் ஜூடித் புட்சர் 1975இல் வெளியிட்ட செம்மையாக்கக் கையேடு, பிரித்தானியாவில் இத்தொழிலின் பாடநூலாகவே விளங்கியது. மெய்ப்புக் குறியீடுகளுக்கு அந்நாட்டில் தனித் தரமும் உண்டு. இன்று பெரும்பாலான செம்மையாக்கம் வேர்டு மென்பொருளில், மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதியைக் கொண்டே நடைபெறுகிறது.

ஒவ்வொரு நூலுக்கும் செம்மையாக்குநர் ஒரு நடைத்தாள் வைத்துக்கொள்வார். பெயர்களின் எழுத்துக்கூட்டல், சுருக்கங்கள், எண்களை இலக்கத்தில் எழுதுவதா சொல்லில் எழுதுவதா போன்ற முடிவுகள் அதில் இடம்பெறும். ஐயம் எழுந்தால் நூலாசிரியருக்கு வினாக் குறிப்பு எழுதவேண்டும். தாமே ஊகித்து மாற்றுதல் கூடாது. பொருளை மாற்றாமல் வாக்கியத்தை மட்டும் திருத்துவது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். அனுபவமுள்ளவர்கள் குறைவாகத் திருத்துவதற்கு இதுவே காரணம்.

வருவாயும் அமைப்புகளும்

கட்டணம் சொல், பக்கம், மணி அல்லது மொத்தத் தொகை என்ற அடிப்படையில் பேசப்படுகிறது. அமெரிக்க வழக்கில் 250 சொற்கள் ஒரு கையெழுத்துப்படிப் பக்கமாகக் கொள்ளப்படும். மொத்தத் தொகை ஒப்பந்தமே ஆபத்து மிக்கது. 40 மணி நேரம் எனக் கணித்து ஒப்புக்கொண்ட வேலை 60 மணி நேரம் பிடித்தால், மணிக்கூலி மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். படியின் தரத்தை மாதிரி அத்தியாயம் பார்க்காமல் மதிப்பிட இயலாது. முதல் அத்தியாயமோ பெரும்பாலும் நூலாசிரியர் மிகுந்த கவனத்துடன் எழுதியதாக இருக்கும்.

ஊழியர் அல்லாததால் ஊதியத்துடன் கூடிய விடுப்போ நிறுவன ஓய்வூதியமோ கிடைப்பதில்லை. தாமதமாகப் பணம் தரும் நிறுவனத்திடம், அடிப்படை வட்டி வீதத்திற்கு மேல் 8 விழுக்காடு வட்டி கோர 1998ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் இடமளிக்கிறது. எனினும் வட்டி கேட்டால் அடுத்த நூல் வாராது என்னும் அச்சம் எழுவது இயல்பே.

இத்தகைய தனிமையே சங்கங்களைத் தோற்றுவித்தது. அமெரிக்காவில் 1970இலும், கனடாவில் 1979இலும், பிரித்தானியாவில் 1988இலும் செம்மையாக்குநர் அமைப்புகள் உருவாயின. கனடிய அமைப்பு 1994இல் தன் பெயரிலிருந்து தன்னுரிமை என்னும் அடைமொழியை நீக்கியது. பிரித்தானிய அமைப்பு 2020இல் அரச பட்டயம் பெற்ற நிறுவனமாயிற்று. இவ்வமைப்புகள் பயிற்சி அளிப்பதுடன் பரிந்துரைக் கட்டண அளவுகளையும் வெளியிடுகின்றன. ஆயினும் அக்கட்டணத்தைத் தரவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

மொழி ஆர்வங்கள்

வெளியாருக்கு அற்பமாகத் தோன்றும் செய்திகளில் இவர்கள் கொள்ளும் ஈடுபாடு வியப்பளிப்பது. பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன் காற்புள்ளி இடுவதா என்பது அவற்றுள் புகழ்பெற்றது. சிகாகோ நடைக் கையேடும் ஆக்ஸ்போர்டு மரபும் இடச்சொல்கின்றன. அசோசியேட்டட் பிரஸ் கையேடு எளிய பட்டியல்களில் தவிர்க்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இது வழக்காகவே மாறியது. மிகைநேர ஊதியம் பெறாத வேலைகளை அடுக்கிய சட்டப்பிரிவு, அனுப்புவதற்காகவோ பகிர்வதற்காகவோ பொதி கட்டுதல் எனவும், பொதி கட்டுதல், பகிர்தல் என இரு தனி வேலைகள் எனவும் பொருள்படும்படி காற்புள்ளியின்றி இருந்தது. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவன ஓட்டுநர்கள் பொருளைப் பகிர்பவர்களேயன்றிப் பொதி கட்டுபவர்கள் அல்லர். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவின்மையை அவர்களுக்குச் சாதகமாகக் கொண்டது. 2018இல் 50 இலட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. உம்மை சேர்த்து அடுக்கும் தமிழில் இச்சிக்கல் இவ்வளவு எழுவதில்லை. நமக்கு வல்லினம் மிகுமிடங்களே போதுமான பூசலைத் தருகின்றன.

கையேடுகள் மாறும்போதெல்லாம் விவாதம் எழும். மின்னஞ்சலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இணைப்புக்கோட்டை அசோசியேட்டட் பிரஸ் 2011இல் நீக்கியது. ஒருவரைக் குறிக்கப் பன்மைப் பிரதிப்பெயரை ஆளுவதை அது 2017இல் வரம்புடன் ஏற்றது. அமெரிக்க உளவியல் கழகத்தின் கையேடு 2019இல் முழுமையாக ஏற்றது. செம்மையாக்குநர் அனைவரும் பழைய விதிகளின் காவலர் என்பது பரவலான கருத்து. ஆனால் சிகாகோ கையேட்டின் வாசகர் வினாக்களுக்கு விடையளித்துவந்த கேரல் ஃபிஷர் சாலர் 2009இல் எழுதிய நூல், விதியைவிட வாசகரின் தேவையை முன்வைக்கிறது.

கணினியிலும் இவர்களுக்கு நாட்டம் உண்டு. இரட்டை இடைவெளி, முரண்பட்ட எழுத்துக்கூட்டல் ஆகியவற்றைக் கண்டறியச் சிலர் தாமே மேக்ரோக்கள் எழுதுகின்றனர். பிழை தேடும் இப்பழக்கம் நிரலாளர்களுக்கு அந்நியமானதன்று.

அண்மைய மாற்றங்கள்

மேலை நாட்டுக் கல்விசார் பதிப்பகங்களின் அச்சுக்கோப்புப் பணி பெருமளவில் சென்னை, புதுச்சேரி ஆகிய நகரங்களின் நிறுவனங்களுக்கு வந்துள்ளது. செம்மையாக்கமும் அதனுடன் சேர்ந்து வந்தது. இதனால் பிரித்தானியச் செம்மையாக்குநர் சிலர் இலண்டன் பதிப்பகத்தின் நூலைத் தமிழகத்து நிறுவனத்திடமிருந்து பெற்று வேலை செய்கின்றனர். கட்டணக் குறைவுக்கு இவ்விடைநிலையைப் பலர் காரணமாகச் சுட்டுகின்றனர். அதே வேலையை அதனினும் குறைந்த ஊதியத்திற்குச் செய்யும் சென்னை ஊழியரின் பெயரும் நூலில் இடம்பெறுவதில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின், இயந்திரம் எழுதிய உரையைச் சீர்செய்யும் வேலைகளும் வரத்தொடங்கின. அத்தகைய உரையில் இலக்கணப் பிழை அரிது. இல்லாத நூல்களை மேற்கோள் காட்டுவது போன்ற தரவுப் பிழைகளே மிகுதி. ஆகவே ஒவ்வொரு மேற்கோளையும் தேடிச் சரிபார்க்க வேண்டியுள்ளது. சொல் எண்ணிக்கையில் பேசிய கட்டணத்தில் அந்நேரம் அடங்குவதில்லை.