குழந்தையை டே கேரில் விடப்போறீங்களா? சட்டம் தரும் பாதுகாப்பு என்ன?

26 வாரப் பேறுகால விடுப்பு முடியப்போகிறது. அபார்ட்மெண்ட் பக்கத்திலேயே ஒரு டே கேர். சுவரெல்லாம் கார்ட்டூன், வாசலில் சிசிடிவி. பணம் கட்டிவிடலாமா? கொஞ்சம் பொறுங்க.

ஆபீஸே க்ரெஷ் தரணுமா?

50 ஊழியர்கள் இருந்தால், தர வேண்டும். 2017 திருத்தத்தில் வந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. 50 பெண்கள் அல்ல, மொத்த ஊழியர்கள்தான் கணக்கு. "நம்ம ஆபீஸ்ல பெண்கள் கம்மி" என்பது பதிலே இல்லை. ஓய்வு இடைவேளையையும் சேர்த்து, தாய் தினமும் 4 முறை போய்ப் பார்க்கலாம்.

தனியார் டே கேருக்கு லைசென்ஸ் உண்டா?

நாடு முழுவதற்கும் பொதுவான உரிமச் சட்டம் இல்லை. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் பிளே ஸ்கூல் வழிகாட்டுதல்கள் 3 முதல் 6 வயதுக்கானவை. அதில் 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர். 3 வயதுக்குக் கீழே என்றால்? பணியிட க்ரெஷ்களுக்கான 2018 வழிகாட்டுதல்கள், 10 குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும் என்கின்றன. தெருமுனை டே கேரை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் கையில் ஓர் அளவுகோல் அது.

அப்போ எந்தச் சட்டமும் இல்லையா?

இருக்கு. போக்சோ விதிகள் 2020, 'க்ரெஷ்' என்று பெயர் சொல்லியே பேசுகின்றன. குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு ஊழியருக்கும், ஒப்பந்த ஊழியர் உட்பட, போலீஸ் வெரிஃபிகேஷன் கட்டாயம். வேலைக்குச் சேரும்போது ஒரு தடவை செய்தால் போதாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

தெரிந்தும் மறைத்தால்?

பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே, போலீஸிடம் சொல்வது யாருக்கும் கடமை. சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. 'பேர் கெட்டுடும்' என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்பதும் குற்றம்தான்.

அடித்தால், கவனிக்காமல் விட்டால்?

சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு பாயும். பராமரிப்பு நிறுவனத்தின் ஊழியரோ நிர்வாகியோ குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சேர்க்கும் முன் கேளுங்க:

• எல்லா ஊழியர்களின் வெரிஃபிகேஷன் சான்றும் இருக்கா? கடைசியாக எப்போது எடுத்தது?
• என் குழந்தையின் வயதில் எத்தனை பேர், பார்த்துக்கொள்பவர் எத்தனை பேர்?
• சொல்லாமல் வந்து பார்க்கலாமா?
• புகார் வந்தால் யாருக்கு, எப்போது தெரிவிப்பீர்கள்?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடம் வேண்டாம். சந்தேகம் வந்தால் 1098-க்கு அழையுங்க. ஆதாரம் திரட்டிவிட்டுத்தான் பேச வேண்டும் என்றில்லை. விசாரிப்பது அவர்கள் வேலை.